கரும்பலகையில் இருந்த கடற்கரை

அக்கா இருபத்தொன்பது வருஷம் கல்லூரியில் புவியியல் நடத்தினாள். கடற்கரை வகைகள் என்று ஒரு பாடம் வரும். ஆற்றுப் பள்ளத்தாக்கில் கடல் ஏறிய ரியா கடற்கரை, பனியாறு குடைந்த பள்ளத்தில் கடல் ஏறிய ஃபியோர்டு கடற்கரை, அப்புறம் டால்மேஷியன் கடற்கரை. முதல் இரண்டுக்கும் பல நாடுகளை உதாரணம் சொல்லலாம். மூன்றாவதுக்கோ குரோஷியாவின் டால்மேஷியா கரையின் பெயரையே வகைக்கும் வைத்துவிட்டார்கள். மலைத்தொடர்கள் கரைக்கு இணையாக ஓட, இடையே இருக்கும் பள்ளத்தாக்குகளில் கடல் ஏறிவிட்டால், முகடுகள் மட்டும் நீளநீளமான தீவுகளாக வெளியே நிற்கும். சாக்பீஸைப் படுக்கவைத்து இழுத்து அந்தத் தீவுகளை வரைவாளாம். ஓய்வு பெற்ற அடுத்த வருஷம், "அந்தக் கரைய ஒரு தடவ நேர்ல பாத்துரணும் தம்பி" என்றாள். அதற்கு முன்பு தனக்கென்று எதையும் கேட்டவள் இல்லை அவள்.

நாங்கள் தூத்துக்குடிக்காரர்கள். அப்பா உப்பளத்தில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். கடல் எங்களுக்குப் புதிது இல்லை. ஆனால் நம் கரை மணலும் சமதளமுமாக நீண்டு கிடப்பது. குரோஷியாவின் கரை மலை அப்படியே கடலுக்குள் இறங்குவது. நிலப்பகுதியின் கரை மட்டும் 1,777 கிலோமீட்டர். தீவுகளின் கரைகளையும் சேர்த்தால் 5,800 கிலோமீட்டரைத் தாண்டும். சிறிதும் பெரிதுமாக 1,200-க்கு மேற்பட்ட தீவுகள், திட்டுகள். அவற்றில் ஆள் குடியிருப்பவை ஐம்பதை ஒட்டித்தான். நாட்டின் மொத்த மக்கள்தொகையே 40 லட்சத்தைத் தொடாது. 1991-ல் யூகோஸ்லாவியாவிலிருந்து பிரிந்த நாடு, 1995 வரை போரில் கிடந்தது. 2023 ஜனவரி 1 முதல் யூரோ நாணயத்துக்கும், பல ஐரோப்பிய நாடுகளுக்கு ஒரே விசா செல்லும் ஷெங்கன் எல்லைக்குள்ளும் வந்துவிட்டது.

செப்டம்பர் மூன்றாம் வாரம் போனோம். கோடைக் கூட்டம் வடிந்திருந்தது, கடல் இன்னும் குளிரவில்லை. கிளம்புவதற்கு முன் நோட்டில் நடுவே ஒரு கோடு கிழித்து, ஒரு பக்கம் பழைய ஊர்கள், மறுபக்கம் இயற்கை என்று எழுதிவைத்திருந்தேன். மூன்றாம் நாளே அந்தக் கோட்டை அழித்தேன். அந்த நாட்டில் அது இரண்டு பட்டியல் இல்லை. எல்லாம் ஒரே சுண்ணாம்புக்கல்லின் கதை.

தலைநகர் ஸாக்ரெப்பில் ஒரு நாள்தான். அங்கிருந்து பேருந்தில் இரண்டரை மணி நேரம் போனால் ப்ளிட்விட்ஸே ஏரிகள். ஒன்றுக்குக் கீழே ஒன்றாகப் பதினாறு ஏரிகள், மேலே 12, கீழே 4. முதல் ஏரிக்கும் கடைசி ஏரிக்கும் இடையே 130 மீட்டருக்கு மேல் இறக்கம். இடையில் எண்ண முடியாத அருவிகள். தண்ணீரின் மேல் மரப்பலகைப் பாலங்கள் போட்டிருக்கிறார்கள், காலுக்கடியில் நீர் ஓட நடக்கலாம். படங்களில் பார்த்த பச்சையையும் நீலத்தையும் நான் நம்பியதில்லை. நேரில் பார்த்தால் படம்தான் மங்கல்.

நான் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். அக்கா ஓரமாகக் குனிந்து, அருவி விழும் விளிம்பில் இருந்த பாசியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நிமிரவே இல்லை. "அருவி பாறையத் தேய்க்கும்னுதானே பாடம் நடத்துனேன். இங்க அருவி பாறையக் கட்டுது பாரு" என்றாள். விஷயம் இதுதான்: மலையில் பெய்யும் மழை, மண்ணிலுள்ள கரியமில வாயுவை வாங்கிக்கொண்டு சுண்ணாம்புப் பாறைக்குள் இறங்குகிறது. போகிற வழியில் பாறையைக் கரைத்து எடுத்துக்கொள்கிறது. அந்த நீர் ஏரியின் விளிம்பில் சிதறி விழும்போது வாயு வெளியேறுகிறது, கரைந்திருந்த சுண்ணாம்பு பாசியின் மேலும் இலைகளின் மேலும் படிகிறது. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் காய்ச்சிய பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதே கதை. பாசி கல்லாகிறது, அதன் மேல் புதுப் பாசி வளர்கிறது, அதுவும் கல்லாகிறது. செட்ரா என்று அந்தக் கல்லுக்குப் பெயர். சாதகமான இடத்தில் வருஷத்துக்கு ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு வளருமாம். அந்தக் கல் அணைகள் வளர்ந்து நீரைத் தேக்கியதால்தான் ஏரிகளே உண்டாயின. குற்றாலத்தில் பாறையின் மேல் தண்ணீர் விழுகிறது. ப்ளிட்விட்ஸேயில் தண்ணீர் தனக்கு வேண்டிய பாறையைத் தானே செய்துகொண்டு அதிலிருந்து விழுகிறது.

இது நடக்க நீர் சுத்தமாக இருக்க வேண்டும். கழிவு கலந்தால் கல் வளர்வது நின்றுபோகும். அதனால் அங்கே காலை நனைக்கக்கூட அனுமதியில்லை. ஒரு பையன் பலகையில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றியதும் காவலர் வந்து நிறுத்தினார். அக்கா அந்தப் பையனுக்குப் பக்கத்தில் போய், தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் பாசியைக் காட்டி விளக்கினாள். ஓய்வு பெற்றதை அவள் முழுசாக நம்பவில்லை என்று அப்போது தெரிந்தது. 1991 மார்ச் 31, ஈஸ்டர் ஞாயிறன்று, குரோஷியப் போரின் முதல் சாவுகள் நேர்ந்ததும் இந்த ஏரிக்கரையில்தான். 1979-லேயே உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த இடம், 1992 முதல் 1997 வரை ஆபத்திலுள்ள இடங்களின் பட்டியலில் இருந்தது. அந்த வருஷங்களிலும் பாசியின் மேல் கல் படிந்துகொண்டுதான் இருந்திருக்கும்.

அங்கிருந்து மலையிறங்கிக் கடலுக்கு வந்தால் ஸாடர். ரோமானியர்கள் சந்தை கூடிய திடல் ஊர் நடுவே திறந்து கிடக்கிறது. அதன் மேலேயே ஒன்பதாம் நூற்றாண்டில் வட்டமாக ஒரு தேவாலயம் எழுப்பியிருக்கிறார்கள், புனித டொனாட்டின் பெயரில். அஸ்திவாரத்துக்குத் தனியாகக் கல் தேடவில்லை. இடிந்த ரோமானியத் தூண்களைப் படுக்கப்போட்டு, அதன் மேல் சுவர் வைத்துவிட்டார்கள். கீழே குனிந்து பார்த்தால் தூணின் வரிகள் தெரிகின்றன. இரண்டாம் உலகப் போரில் இந்த ஊர் குண்டுவீச்சில் பெரும்பாலும் நொறுங்கியது. பிறகு அவசரத்தில் கடற்கரையை நேராகச் சிமெண்டால் கட்டிவிட்டார்கள். அந்த மொட்டைக் கரைக்கு 2005-ல் நிகோலா பாஷிச் என்ற கட்டடக் கலைஞர் ஒரு வழி செய்தார். 70 மீட்டர் நீளத்துக்கு வெள்ளைக் கல் படிகள், உள்ளே 35 குழாய்கள். அலை வந்து காற்றைத் தள்ளும்போது குழாய்கள் பாடுகின்றன. வாசிப்பவர் யாருமில்லை. பெரிய படகு ஒன்று தூரத்தில் போனால், சற்று நேரம் கழித்துச் சுருதி கூடுகிறது. நாதஸ்வரக் கச்சேரிக்கு முன்பு ஒத்து மட்டும் ஊதிக்கொண்டிருப்பார்களே, அதைத் தண்ணீருக்கடியிலிருந்து கேட்டால் எப்படியிருக்குமோ அப்படி. பொழுது சாயும்வரை உட்கார்ந்திருந்தோம்.

ஷிபெனிக்கைப் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். தயவுசெய்து தாண்டாதீர்கள். 1431-ல் தொடங்கி நூறு வருஷத்துக்கு மேல் கட்டிய புனித யாக்கோபு தேவாலயம் அங்கே இருக்கிறது. செங்கல் இல்லை, மரச்சட்டம் இல்லை, கூரை உட்பட எல்லாமே கல். பலகைக் கற்களில் காடி எடுத்து ஒன்றுக்குள் ஒன்று செருகிக் கட்டும் முறையைக் கொண்டுவந்தவர் யூராய் டால்மாடினாட்ஸ் என்ற தலைமைச் சிற்பி. அவருக்குப் பின் வந்தவர்கள் அதே முறையில் கூரையை நிறுத்தி முடித்தார்கள். தஞ்சை விமானத்தை அண்ணாந்து பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்தக் கூரை உடனே புரியும். வெளிச்சுவரைச் சுற்றி எழுபதுக்கு மேற்பட்ட மனிதத் தலைகள். ராஜாக்கள் இல்லை, புனிதர்களும் இல்லை. அன்றைக்கு அந்தத் தெருவில் நடந்த ஆட்களின் முகங்கள் என்கிறார்கள். ஒருவர் முகம் சுளிக்கிறார், ஒருவர் தூக்கக் கலக்கத்தில் இருக்கிறார், ஒரு சிறுவன் எதையோ ரகசியமாகச் செய்யப்போகிறான். எங்கள் பெரியப்பாவின் மூக்கோடு ஒருவரைக் கண்டுபிடித்தோம்.

பக்கத்தில் க்ர்கா ஆறு, அதுவும் செட்ரா கல்லைக் கட்டிக்கொண்டு இறங்குகிற ஆறுதான். முன்பு அருவிக்குக் கீழே குளிக்க விட்டார்கள், 2021 முதல் தடை. அதன் கரையில் யாருகா என்ற பழைய மின் நிலையம் இருக்கிறது. 1895 ஆகஸ்ட் 28-ல் அங்கிருந்து ஷிபெனிக் தெருவிளக்குகளுக்கு மாறுதிசை மின்சாரம் போனது. நயாகராவில் பெரிய மின் நிலையம் ஓடத்தொடங்கி இரண்டே நாள். அந்த மின்சார முறைக்கு வழிசெய்த நிகோலா டெஸ்லா 1856-ல் பிறந்த ஸ்மில்யான் கிராமமும் இந்த நாட்டில், ப்ளிட்விட்ஸே இருக்கிற அதே லிகா பகுதியில்தான்.

ஸ்ப்ளிட் ஊரைப் பற்றி எழுதத்தான் இந்தக் கட்டுரையையே தொடங்கினேன். ரோமானியப் பேரரசர் டயோக்ளீஷியன் இந்தக் கரைக்காரர். பக்கத்திலுள்ள சலோனா பகுதியில் சாதாரணக் குடும்பத்தில் பிறந்து, சிப்பாயாக உயர்ந்து, 284-ல் அரியணை ஏறியவர். 305-ல் தானாக முடியை இறக்கிவைத்துவிட்டு, சொந்தக் கரையில் கட்டிவைத்திருந்த மாளிகைக்கு வந்துவிட்டார். அதற்கு முன்பு ரோமானியப் பேரரசர் யாரும் அப்படித் தானாக விலகியதில்லை. திரும்ப வந்து ஆளுங்கள் என்று கேட்டவர்களிடம், என் கையால் நட்ட முட்டைக்கோஸை நீங்கள் பார்த்திருந்தால் இப்படிக் கேட்கமாட்டீர்கள் என்று சொன்னாராம்.

ஏழாம் நூற்றாண்டில் சலோனா அழிந்தபோது, உயிர் தப்பியவர்கள் ஆளில்லாமல் கிடந்த அந்த மாளிகையின் மதிலுக்குள் ஓடி வந்தார்கள். வந்தவர்கள் திரும்பிப் போகவில்லை. தாழ்வாரத்தைத் தடுத்து வீடாக்கினார்கள், தூணுக்கும் தூணுக்கும் நடுவே சுவர் வைத்தார்கள், மதிலில் ஜன்னல் உடைத்தார்கள். ஒரு பேரரசரின் வீடு ஓர் ஊராக மாறியது இப்படித்தான். ஆயிரத்து முந்நூறு வருஷத்துக்கு மேல் ஆகியும் உள்ளே ஆட்கள் குடியிருக்கிறார்கள். தேங்காய்ப் பூ நிறத் தூண் ஒன்று பாதி ஒரு வீட்டுச் சுவருக்குள் புதைந்திருக்க, அதன் தலையிலிருந்து எதிர் வீட்டு ஜன்னலுக்குக் கொடி கட்டி, ஒரு பாட்டி தலையணை உறைகளைக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். நான் இந்தப் பயணத்தில் எடுத்த படங்களில் எனக்குப் பிடித்தது அதுதான். அழகுபடுத்தி, சங்கிலி கட்டி, தொடாதே என்று பலகை வைத்த சரித்திரம் எங்கேயும் கிடைக்கும். புழங்கப் புழங்கத் தேய்ந்து, அதனாலேயே நிற்கிற கல் அரிது.

பேரரசரின் சமாதி மண்டபம் எட்டுப் பட்டையாக நடுவில் இருக்கிறது. கிறிஸ்தவர்களைக் கடுமையாக வதைத்த அரசர் அவர். சலோனாவின் ஆயர் டோம்னியஸ் கொல்லப்பட்டது அவர் ஆட்சியில், 304-ல். பிற்பாடு அந்தச் சமாதியே தேவாலயமானது, பெயரும் டோம்னியஸின் பெயர். பேரரசரின் கல்பெட்டி எங்கே போனதென்று தடயம் இல்லை. வாசலருகே கறுப்புக் கல்லில், சிங்க உடலும் மனிதத் தலையுமாக ஒரு ஸ்ஃபிங்ஸ் சிலை படுத்திருக்கிறது. எகிப்திலிருந்து கப்பலில் வந்தது, ஏறக்குறைய 3,500 வருஷம் பழையது. ஊரிலேயே மூத்தவர் அதுதான்.

கீழே பாதாள அறைகள். மேலே குடியேறியவர்கள் தரையில் துளை போட்டு, குப்பையையும் கழிவையும் நூற்றாண்டுக் கணக்கில் கீழே தள்ளியிருக்கிறார்கள். அறைகள் நிரம்பி அடைபட்டுப் போயின. அந்தக் குப்பையே காவலாகவும் ஆகிவிட்டது. உள்ளே போய் யாரும் எதையும் மாற்ற முடியவில்லை. இருபதாம் நூற்றாண்டில் தோண்டி வெளியேற்றியபோது, அழிந்துபோன மேல்மாடி அறைகள் எப்படி இருந்தன என்பது கீழறைகளின் அமைப்பிலிருந்து அப்படியே தெரிந்துவிட்டது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். பேரரசர் கால்வாய் வெட்டித் தண்ணீர் கொண்டுவந்த அதே யாத்ரோ ஊற்றிலிருந்துதான் இன்றும் ஸ்ப்ளிட்டுக்குக் குடிநீர் வருகிறது. தெருக்குழாயில் பாட்டிலைப் பிடித்துக் குடித்தோம்.

ஊர் நடுவே மீன் சந்தை. அக்கா மீனின் செவுளைத் தூக்கிப் பார்க்க, விற்ற அம்மாள் சிரித்துக்கொண்டே நல்லதாக எடுத்துக் கொடுத்தார். அவர்கள் ஸ்ர்தேலா என்று சொல்வது நம் சாளைக்கு நெருங்கிய சொந்தம். ஆலிவ் எண்ணெய் தடவிச் சுட்டு, பக்கத்தில் ப்ளிட்வா என்று ஒரு கீரையும் உருளைக்கிழங்கும் பூண்டு போட்டு மசித்து வைப்பார்கள். மீன் சாப்பிடாதவர்கள் இந்த ப்ளிட்வாவை நம்பிப் போகலாம். ஒரு சங்கடமும் உண்டு. பழைய ஊர்களுக்குள் வீட்டு அறைகள்தான் அதிகம். எங்களுக்குக் கிடைத்தது நான்காவது மாடி, லிஃப்ட் கிடையாது, பதிவு செய்தபோது யாரும் அதைச் சொல்லவில்லை. அக்காவின் மூட்டுவலி அன்றிரவு அதிகமாகிவிட்டது. பெரியவர்களைக் கூட்டிப் போகிறவர்கள் எத்தனை படி என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

ட்ரோகிர் அரை நாளில் பார்க்கிற ஊர். ராடோவான் என்ற சிற்பி 1240-ல் செதுக்கிய தேவாலய வாசலுக்காகவே போகலாம்.

ஸ்ப்ளிட்டிலிருந்து ஹ்வார் தீவுக்குப் பெரிய படகில் இரண்டு மணி நேரம். இடதுபக்கம் ப்ராச் தீவு கூடவே வந்தது. டயோக்ளீஷியன் மாளிகைக்குக் கல் வெட்டிய தீவு அது. இன்றும் அங்கே புச்சிஷ்சா என்ற ஊரில் கல்தச்சர் பள்ளி நடக்கிறது. படகின் மேல்தளத்தில் நின்றபோது, முன்னும் பின்னும் நீளநீளமான முகடுகள் ஒன்றுக்குப் பின் ஒன்றாக, தூரம் கூடக்கூட நீலம் வெளிறி நின்றன. அக்கா ஒன்றும் சொல்லவில்லை. வலது கையை நீட்டி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே இல்லாத சாக்பீஸைப் பிடித்து, காற்றில் பக்கவாட்டில் ஒரு இழுப்பு இழுத்தாள்.

ஹ்வாரில் எல்லோரும் போவது பணக்காரப் படகுகள் நிற்கும் ஹ்வார் நகருக்கு. நாங்கள் போனது ஸ்டாரி கிராட் சமவெளிக்கு. கி.மு. 384-ல் பாரோஸ் தீவிலிருந்து வந்த கிரேக்கர்கள் இங்கே குடியேறினார்கள். வந்ததும் வயலை அளந்து சம பங்காகப் பிரித்துக் கல்வரப்பு வைத்தார்கள். ஒவ்வொரு பங்கும் ஏறக்குறைய 900 மீட்டர் நீளம், 180 மீட்டர் அகலம். இரண்டாயிரத்து நானூறு வருஷம் ஆயிற்று. ரோம், வெனிஸ், ஆஸ்திரியா, யூகோஸ்லாவியா எல்லாம் வந்து போயின. அந்த வரப்பு அங்கேயே இருக்கிறது, உள்ளே அன்றைக்குப் போட்ட அதே திராட்சையும் ஆலிவும். சாந்து இல்லாமல் கல்லை அடுக்கிய வரப்பு. நிலத்தைத் திருத்தும்போது வெளியே வந்த கல்லையே ஓரத்தில் அடுக்கியிருக்கிறார்கள், ஆகவே வயலும் வரப்பும் ஒரே வேலையில் முடிந்திருக்கிறது. எங்கள் ஊரில் சித்தப்பாவுக்கும் பக்கத்து நிலத்துக்காரருக்கும் அரை அடி வரப்புக்காக நடந்த வழக்கு பதினோரு வருஷம். நான் புலப்படத்தை எடுத்துக்கொண்டு தாலுகா ஆபீஸுக்கு அலைந்தவன். அந்தக் கல்வரப்பின் மேல் உட்கார்ந்திருந்தபோது எனக்கு உண்மையாகவே தொண்டை அடைத்தது.

அடுத்தது கோர்ச்சுலா. சின்ன ஊர், மேலிருந்து பார்த்தால் மீன் முள் போலத் தெருக்கள். மேற்குப் பக்கத் தெருக்கள் நேராக இருக்கின்றன, கோடையின் இதமான கடற்காற்று உள்ளே வரட்டும் என்று. கிழக்குப் பக்கத் தெருக்களைச் சற்று வளைத்திருக்கிறார்கள், மலையிலிருந்து பாயும் பூரா என்ற குளிர்காற்று நேராக அடிக்கக்கூடாது என்று. மார்கோ போலோ தங்கள் ஊரில் பிறந்தவர் என்று ஊர்க்காரர்கள் உறுதியாகச் சொல்கிறார்கள், ஒரு வீட்டையும் காட்டுகிறார்கள். வரலாற்றாசிரியர்களில் பெரும்பாலோர் வெனிஸ் என்கிறார்கள். 1298-ல் வெனிஸுக்கும் ஜெனோவாவுக்கும் இந்தத் தீவுக்குப் பக்கத்தில் பெரிய கடற்போர் நடந்தது மட்டும் நிச்சயம். எங்களுக்கு அந்த ஊரில் வேறொரு நெருக்கம். அந்த மனிதர் தம் பயணக்குறிப்பில் காயல் துறைமுகத்தைப் பற்றிச் சொல்லியிருக்கிறார், நம் கரையின் முத்துக்குளிப்பைப் பற்றியும் சொல்லியிருக்கிறார். எங்கள் வீட்டிலிருந்து பேருந்தில் போகிற தூரத்து ஊர் அது. அந்த வீட்டு வாசலில் நின்று அக்கா இதைச் சொன்னதும், டிக்கெட் கொடுத்த பெண் எழுந்து வந்து கேட்டுக்கொண்டார்.

இங்கே விசா பற்றி ஒன்று. ஸ்ப்ளிட்டுக்கும் டுப்ரோவ்னிக்குக்கும் நடுவே சுமார் இருபது கிலோமீட்டர் கரை போஸ்னியாவைச் சேர்ந்தது, நேயும் என்ற ஊர். 1699-ல் டுப்ரோவ்னிக் குடியரசு, வெனிஸோடு நேர் எல்லை வேண்டாம் என்று அந்தத் துண்டு நிலத்தை ஓட்டோமான் துருக்கியர்களிடம் விட்டுக்கொடுத்தது. அதன் விளைவாக நாடு இன்றுவரை இரண்டு துண்டு. 2022 ஜூலையில் பெல்யெஷாட்ஸ் பாலம் திறந்த பிறகு போஸ்னியாவைத் தொடாமலே போகலாம். ஒருமுறை நுழையும் ஷெங்கன் விசா வைத்திருக்கும் நம்மவர்கள், பாலத்தின் வழியாகப் போகும் பேருந்துதானா என்று கேட்டு ஏறுங்கள். நேயும் வழியாகப் போனால் ஷெங்கனை விட்டு வெளியேறியதாகிவிடும், திரும்ப உள்ளே நுழைவது சிக்கல். போஸ்னியாவின் மோஸ்டார், மான்டினீக்ரோவின் கோட்டோர் என்று ஒருநாள் சுற்றுலா விற்பார்கள், அதற்கும் இதே எச்சரிக்கை.

டுப்ரோவ்னிக்கின் மதில் 1,940 மீட்டர், சில இடங்களில் 25 மீட்டர் உயரம். காலை திறந்தவுடன் ஏறிவிட வேண்டும், பத்து மணிக்கு மேல் வெயிலும் கூட்டமும் சேர்ந்துகொள்ளும். மேலே நடந்தால் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் ஓட்டுக்கூரைகள். கூரைகளை நன்றாகப் பாருங்கள். பெரும்பாலானவை பளிச்சென்ற ஆரஞ்சு, இடையிடையே பழுப்பேறிய பழைய ஓடு. 1991 அக்டோபரில் யூகோஸ்லாவியப் படை தொடங்கிய முற்றுகையில் பழைய நகரின் 824 கட்டடங்களில் 563 குண்டடி பட்டன. டிசம்பர் 6 மிக மோசமான நாள். புது ஓடு இருக்கிற இடமெல்லாம் குண்டு விழுந்த இடம் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். இதை யாராவது முன்பே சொல்லாவிட்டால், அழகான சிவப்புக் கூரைகள் என்று படம் எடுத்துக்கொண்டு இறங்கிவிடுவோம்.

இந்தச் சின்ன நகரம் 1808-ல் நெப்போலியனின் ஆட்கள் கலைக்கும்வரை நூற்றாண்டுக் கணக்கில் தனிக் குடியரசாக இருந்தது. தலைவருக்குப் பதவிக்காலம் ஒரே மாதம். அந்த ஒரு மாதமும் அரசுக் காரியம் இல்லாமல் மாளிகையை விட்டு அவர் வெளியே வரக்கூடாது. ஓட்டோமான் சுல்தானுக்குக் கப்பம் கட்டினார்கள், போப்பாண்டவரோடு உறவு வைத்தார்கள், எல்லோரோடும் வியாபாரம் செய்தார்கள். எதிரே பாறை மேல் நிற்கும் லோவ்ரியெனாட்ஸ் கோட்டை வாசலில் லத்தீனில் செதுக்கியிருக்கிறது: உலகத்துப் பொன் அத்தனைக்கும் ஈடாகச் சுதந்திரத்தை விற்பது தகாது. 1377-ல், கொள்ளைநோய் உள்ள ஊர்களிலிருந்து வருபவர்கள் முப்பது நாள் வெளியே தங்கிய பிறகே நகருக்குள் வரலாம் என்று சட்டம் போட்டார்கள். தனிமைப்படுத்தலை உலகில் முதலில் சட்டமாக்கியது இவர்கள்தான் என்கிறார்கள். முப்பது பிற்பாடு நாற்பதானது. நாற்பதைக் குறிக்கும் இத்தாலியச் சொல்லிலிருந்துதான் குவாரண்டைன் என்ற சொல் வந்தது. அதற்காகக் கட்டிய லாசரெட்டி கட்டடங்கள் கிழக்கு வாசலுக்கு வெளியே இன்னும் வரிசையாக நிற்கின்றன. இலங்கைத் தோட்டங்களுக்குப் போன நம் மக்களை நிறுத்திவைத்த மண்டபம் முகாம் எனக்கு அங்கே நினைவுக்கு வந்தது.

ஆனால் டுப்ரோவ்னிக்கில் மனசு முழுசாக ஒட்டவில்லை. உல்லாசக் கப்பல்களுக்கு வரம்பு வைத்திருந்தும் கூட்டம் தாங்கவில்லை. ஸ்ப்ளிட்டில் பார்த்த தலையணை உறைகளை இங்கே தேடினேன். மதிலுக்குள் குடியிருப்பவர்கள் வருஷா வருஷம் குறைந்துகொண்டே வருகிறார்கள், வீடுகள் எல்லாம் வாடகை அறைகளாகிவிட்டன. சாயங்காலம் ஒரு சந்தில் ஒரேயொரு வீட்டிலிருந்து வெங்காயம் வதங்கும் வாசனை வந்தது. அங்கேயே கொஞ்ச நேரம் நின்றோம்.

கடைசி நாளை அக்கா தன் பங்குக்குக் கேட்டு வாங்கினாள். டுப்ரோவ்னிக்கிலிருந்து பேருந்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல், ஸ்டோன் என்ற சிற்றூர். பெயருக்கும் ஆங்கிலக் கல்லுக்கும் சம்பந்தமில்லை, என்றாலும் ஊர் முழுக்கக் கல்தான். 1333-ல் குடியரசு இந்தத் தீபகற்பத்தை வாங்கியதும், மலை மேல் ஏற்றி இறக்கி ஏழு கிலோமீட்டர் நீளத்துக்கு மதில் கட்டத் தொடங்கியது. இன்று மிஞ்சியிருப்பதே ஐந்து கிலோமீட்டருக்கு மேல். 1996-ல் வந்த நிலநடுக்கத்தில் ஊர் பலமாக அடிபட்டு, பிறகு மீண்டது. இத்தனை பெரிய மதில் எதைக் காப்பாற்ற? பொன்னையோ அரண்மனையையோ இல்லை. உப்பை.

மதிலடியில் உப்பளம். இன்றும் உப்பு விளைகிறது. கடல்நீரை ஒரு பாத்தியிலிருந்து அடுத்த பாத்திக்கு மாற்றி மாற்றி, வெயிலிலும் காற்றிலும் செறிய விட்டு, கடைசிப் பாத்தியில் உப்பாக இறக்குகிறார்கள். நம் ஊரில் மண் பாத்தி, அங்கே அடியில் கல் பாவியிருக்கிறார்கள். கடைசிப் பாத்திகள் ஒன்பதுக்கும் பெயர் உண்டு. எட்டுக்குப் புனிதர்களின் பெயர், ஒன்றுக்கு மட்டும் முண்டோ, உலகம் என்று அர்த்தம். பள்ளி விடுமுறையில் அப்பாவுக்குச் சாப்பாட்டுத் தூக்கோடு நடந்துபோன அதே வரப்பு, அதே கண் கூசும் வெள்ளை, அதே வாசனை. உப்பளத்துக்கு ஒரு வாசனை உண்டு என்பது அதற்குள் வளர்ந்தவர்களுக்குத்தான் தெரியும்.

ஒரு பெரியவர் நீண்ட கழியில் பலகை கட்டி உப்பு வாரிக்கொண்டிருந்தார். அக்கா பாத்தி ஓரமாகக் குனிந்து, விரலால் நீரைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்து, "பாமே? டிகிரி?" என்றாள். அப்பா வீட்டில் தினமும் சொன்ன சொல் அது. உப்புநீர் எவ்வளவு செறிந்திருக்கிறது என்று அளக்கிற கணக்கு. அவருக்கு ஆங்கிலம் தெரியாது, எங்களுக்கு அவர் மொழி தெரியாது. பாமே என்ற சொல் கேட்டதும் கழியை வரப்பில் சாய்த்து வைத்துவிட்டு நிமிர்ந்தார். முதலில் இரண்டு விரலைக் காட்டினார், அப்புறம் ஐந்து விரலையும் விரித்தார்.

அக்கா திரும்பி என்னிடம், "அப்பா கணக்குதான்" என்றாள். செருப்பைக் கழற்றி வரப்பின் மேல் உட்கார்ந்தாள். பேருந்துக்கு இன்னும் நேரம் இருந்தது.